தங்கையைக் கேட்கச் சொன்னார்கள்

முருகன் துணை

கொட்டகலை
15.9.1957

அன்புள்ள அண்ணன் தங்கவேலு அவர்களுக்கு, தங்கை பரிமளம் வணங்கி எழுதுவது.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு கூடத்தில் இருந்தவர்கள்: என் மாமியார், அவருடைய அண்ணன் செல்லசாமி மாமா, என் வீட்டுக்காரர், கைப்பிள்ளையோடு நான். வேறு யாரும் இல்லை. ஊரே கூடிக் கேட்டது என்று பிறகு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிள்ளை பிறந்து கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியபோது பிள்ளை பெற்ற வீக்கம் என்றார்கள். பால் ஊற வேண்டுமென்று மாமியார் தினமும் சுறாக் கருவாடு ஆக்கிப் போட்டார். நானும் சாப்பிட்டேன். வீக்கம் இடுப்பு வரை ஏறிய பிறகுதான் அட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தின் சதையே தளர்ந்து பெரிதாகிவிட்டது, ரத்தத்தை முழுதாகத் தள்ள அதற்குப் பலமில்லை என்றார் டாக்டர். உப்பு ஆகாது, பாரம் தூக்கக் கூடாது, இன்னொரு பிள்ளை பெற்றால் உயிர் தங்காது என்று என் வீட்டுக்காரரிடமும் சொல்லி அனுப்பினார். இப்போது உப்பில்லாக் கஞ்சிதான். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூக்கம். கோயில் ஏற்றத்தில் இருப்பதால் இருந்த இடத்திலிருந்தே கும்பிடுகிறேன்.

பிறந்தது பெண். கடைக்கு ஓர் ஆண் வாரிசு வேண்டுமாம். அதற்கு நம் தங்கை சீதாலெட்சுமியை இரண்டாந்தாரமாகக் கேட்கிறார்கள். மூத்தவள் கைப்பட எழுதிக் கேட்டால்தான் முறையாம். "இவள யாரு தொரத்துறா? தங்கச்சிதானே வரப்போறா, வெளியாளு இல்லையே" என்றார் மாமியார். மாப்பிள்ளை புதிதாக மாமியார் வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதில்லை என்று செல்லசாமி மாமா சொல்லிச் சிரித்தார். என் வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுந்து போன பிறகு என்னிடம், "நீ எழுதினாத்தான் மச்சான் குடுப்பாரு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் சொல்லுக்கு மதிப்புண்டு என்று அவர் சொன்னது அன்றுதான்.

ஆகவே கேட்டுவிட்டேன். முறை முடிந்தது.

இனி நானாகச் சொல்வது. கொடுக்காதீர்கள். சக்களத்திப் பொறாமை என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். சீதாவுக்கும் நாளை கால் வீங்கினால் இதே அடுப்பில் இதே கருவாடுதான் வேகும். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்தம். அவளுக்கு வராது என்று டாக்டர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியமில்லை.

அக்காள் பிள்ளையைத் தங்கையே வளர்க்கட்டும் என்று அம்மா அழுவார். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

பதிலை என் வீட்டுக்காரர் பெயருக்கே போடுங்கள். சாதகம் பொருந்தவில்லை என்று எழுதினால் போதும். என் உடம்பைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். சீதாவுக்கு நல்ல இடத்தில் மாலை விழ முருகனை வேண்டுகிறேன். இங்கே தைக்குள் முடித்துவிடப் பேசுகிறார்கள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

தங்கள் தங்கை
பரிமளம்