மேல் ஹால், ஆவணி இரண்டாம் முகூர்த்தம்

மே 12, செவ்வாய்

கத்திரி வெயில். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் தார் செருப்பில் ஒட்டுகிறது. இப்படி ஆகும் என்று சாப்ட்வேர் வந்த அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டார்கள்?

நடந்தது: எங்கள் கல்யாண மண்டபத்து மேல் ஹாலுக்கு ஏசி போட்டாயிற்று. கம்ப்யூட்டரில் பழைய ‘மேல் ஹால்’ பதிவை அழித்து, ‘மேல் ஹால் ஏசி’ என்று புதிதாகப் போட்டேன். ஒரே நிமிடம். (இந்த வேகத்துக்குத்தான் அமெரிக்காவிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். போகவில்லை.) பார்த்தால் மேல் ஹால் புக்கிங் ஒன்றுகூட இல்லை.

சாப்ட்வேர் எழுதியது அக்கா மகள் சரண்யா. குரோம்பேட்டையிலிருந்து ஓடி வந்தாள்.

“மாமா, இங்க நீங்க பாக்கிற ஹால், புக்கிங் எல்லாம் ஒவ்வொண்ணும் ஒரு ஆப்ஜெக்ட். சர்வர்ல அதெல்லாம் டேபிளா இருக்கும். நடுவுல ஓஆர்எம்னு ஒண்ணு, இதை அதுவா மாத்திக் கொடுக்கும். ஹாலை அழிச்சா அதோட புக்கிங்கையும் சேர்த்து அழின்னு நான்தான் எழுதி வெச்சேன். என் தப்பு.”

அதாவது இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கும் நில புரோக்கர் மாதிரி. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் அழுதாள். பேக்கப் ரொம்பப் பழசு. பழைய புக்கிங் நோட்டை எடைக்குப் போட்டது நான்.

மே 13, புதன்

புழுக்கம். ஏசி மெக்கானிக் வரவில்லை.

“எல்லாம் என் மண்டையில இருக்கும்மா” என்றேன். சொல்லச் சொல்ல சரண்யா கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஆவணியில் ஏழு முகூர்த்தம். ஆறு கடகடவென்று. இரண்டாம் முகூர்த்தத்தில் மட்டும் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “அது கோவிலம்பாக்கம் பார்ட்டி. பெரிய இடம். ஆயிரம் இலை.”

“நீங்கதான் மாமா பேக்கப்பு!”



மே 15, வெள்ளி

வாங்க: டியூப்லைட் 2, பினாயில்.

மீன் விற்கும் மல்லிகா வந்தார். மகள் கல்யாணம். ஆவணி இரண்டாம் முகூர்த்தத்துக்கு மேல் ஹால் வேண்டுமாம். பல்லாவரம் வரை மண்டபம் கிடைக்கவில்லை. சரண்யா கம்ப்யூட்டரைப் பார்த்து, “புக் ஆயிடுச்சுக்கா.”

“இன்னாம்மா இப்டி சொல்ற? மாப்ள கப்பல்ல வேலை. அந்த வாரம் வுட்டா ஒரு வருசம் ஆவும். சம்பந்தி வூட்ல வேற பொண்ணு பாக்கறோம்னு சொல்லிக்கினு கீறாங்க. அண்ணே, நீயாச்சும் வாயத் தொறயேன்!”

டியூப்லைட் வாங்கக் கிளம்பினேன்.

மே 16, சனி

சரண்யா போன். “கோவிலம்பாக்கம் பார்ட்டி நம்பர் கொடுங்க மாமா. தேதி மாத்துவாங்களான்னு நானே கெஞ்சிப் பாக்கறேன்.” தேடித் தருகிறேன் என்றேன். பிறகு மூன்று மிஸ்டு கால்.

அந்தத் தேதியை யாருக்குக் கொடுத்தேன் என்று நினைவில்லை. காலியா, வேறு யாராவது வந்து நிற்பார்களா, அதுவும் தெரியாது. முகூர்த்த நாளில் எங்கள் ஹால் காலியாக இருக்கலாம் என்று அன்றைக்குச் சரண்யாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கோவிலம்பாக்கம் பார்ட்டி என்று யாரும் கிடையாது.