பொட்டு வைத்த டிரம்

ஜூன் 10, வியாழன். துபாய்.
புழுக்கம். காற்றே இல்லை. ரேடியோ நாடகம் கேட்டு அழுதுவிட்டேன். கேம்ப் மெஸ்ஸில் கேட்டவர்களிடம் வெங்காயம் என்றேன். இன்றைக்கு ரசமும் அப்பளமும்தான். வெங்காயமே உரிக்கவில்லை.

நாடகம் அரபியில். தண்ணி லாரி ஓட்டும் உஸ்மான் பாய், சூடான்காரர், கூடவே இந்தியில் சொல்லிக்கொண்டு வந்தார். ஆப்பிரிக்காவில் ஒரு ஊர். பக்கத்தில் எண்ணெய்க் கம்பெனி. ஆறு கெட்டுப்போச்சு. இதில் தண்ணி பிடிச்சு வைங்க என்று கம்பெனியே காலி டிரம் கொடுத்தது. முதலில் கோழிகள் செத்தன. அப்புறம் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் பொழுது சாய வந்து டிரம்மை உள்ளேயிருந்து தட்டுமாம்.

“கதைதானே பாய்?”
“எழுதினவன் ஊர்ல போய்க் கேளு.”

நம்ம சமையல் டிரம்மும் போர்மேன் யார்டிலிருந்து கொடுத்ததுதான். புதுப் பச்சைப் பெயிண்ட். சாம்பல் போட்டு நானே தேய்த்தேன். புது ஏனம் என்று குங்குமப் பொட்டும் வைத்தேன்.

வெள்ளி.
லீவு. துணி துவைத்தாச்சு. புளி தீர்ந்தது, பர் துபாய் போகணும். போகவில்லை.
வெயில் இறங்கும்போது டிரம் டொக் என்றது. சூடு தணிந்தால் தகரம் அப்படித்தான். தெரியும். “யாரப்பா உள்ளே?” என்றேன், விளையாட்டுக்கு. மறுபடி டொக். அப்புறம் விளையாடவில்லை.
மாமியாரைக் காணோம். மாமியார் என்பது பூனை. டிரம் குழாய்ச் சொட்டைத்தான் நக்கிக் குடிக்கும்.
பக்கத்துக் கட்டில் முருகேசன் மறுபடி வாந்தி. “எல்லாம் உங்க சாம்பார் புண்ணியம்ணே.” எப்பவும் நான்தான் அவனை ஓட்டுவது. இன்று டிரம்மைத் திரும்பிப் பார்த்தேன்.

சனி.
மாமியார் டிரம்முக்குப் பின்னால். விறைத்து. பழைய கைலியில் சுற்றிப் புதைத்தேன்.
தோசைத் திருப்பியால் பெயிண்ட்டைச் சுரண்டினேன். நான் வைத்த பொட்டுக்கு நேர் அடியில் மண்டை ஓடு. குறுக்கே எலும்பு.
இத்தனை நாள் இதில் மொண்டுதான் எல்லோருக்கும் உலை வைத்தேன்.
போர்மேன் வந்து பார்த்தார். “கழுவினே இல்லே? கலாஸ், முடிஞ்சது. வேற டிரம் மாஃபி, கிடையாது. சமையல் நின்னா நீ ஊருக்குப் போ.”
முருகேசனை உ. பாய் தண்ணி லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். போகும்போது அவன் என்னைக் கிண்டல் பண்ணவில்லை. அதுதான் பயம்.

ஞாயிறு.
மு. கண் திறந்தானாம். “அண்ணன் சாம்பார் வேண்டாம்”னு சொன்னானாம். உ. பாய் சொல்லிச் சிரித்தார். எனக்கு மறுபடி வெங்காயம்.
சமையலுக்குக் குடத்தில் தண்ணி, நேரே லாரியிலிருந்து. பாய் ஏற்பாடு.
டிரம்மை வெளியே போட்டால் வேறு கேம்ப்காரன் கழுவி எடுத்துப் போவான். அதனால் போர்மேன் ரூமில் தூங்கும் நேரம் பார்த்துக் கடப்பாரை எடுத்தேன். உள்ளேயிருந்து யாரும் தட்டவில்லை. நான்தான் தட்டினேன். அடியில் பெரிய பெரிய ஓட்டை.
தண்ணி நிறைய இருந்தது. தரை போர்மேன் ரூம் பக்கம் சரிவு. கொஞ்ச நேரத்தில் அவர் செருப்பு ஒன்று மிதந்து வெளியே வந்தது. இன்னொன்று வரவில்லை. அவர் வந்தார்.