நடுவில் கதவு இல்லாத படகு

1974 பிப்ரவரி 4, திங்கள்

காலையில் பனி. எதிர்வீடு தெரியவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. கிடைத்தது, பாதி டின். ஆறாம் வகுப்புக் கணக்குத்தாள் இன்னும் திருத்தவில்லை.

இவர் படகு வாங்கப் போகிறாராம். சாப்பிடும்போது, இன்னும் கொஞ்சம் ரசம் என்று கேட்பதுபோலச் சொன்னார். இவரோடு கப்பலில் வேலை பார்த்த சவரி பாண்டிச்சேரியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார். சொந்த ஊர் திரும்பும் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பாய்ப்படகு. பழசு. ஆனால் கடல் தாண்டும். இரண்டு நீள ஓடங்களைப் பக்கம் பக்கமாக வைத்து நடுவில் மேடை போட்டுச் சேர்த்தது. பெயர் கட்டமரான். நம் கட்டுமரம்தான், வெள்ளைக்காரர் வாயில் போய்த் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு ஓடத்துக்குள்ளும் படுக்கை, அலமாரி. ஒன்றில் அடுப்புகூட.

கப்பல் மூழ்கி இரண்டு வருஷம். அதற்குப்பின் கடல் என்ற சொல்லே இவர் வாயில் வந்ததில்லை.

"யாருக்குங்க படகு?"

"நமக்குத்தான்." சோற்றைப் பிசைந்துகொண்டே, "தாஸுக்கும்."

தாஸ் இவருடைய கூட்டாளி. எஞ்சின் அறையில் ஒன்றாக இருந்தவர். அந்தக் கப்பலோடு போய்விட்டவர்.

ரசம் ஊற்றினேன்.

6, புதன்

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில்: "பாலாத்துலயே தண்ணி இல்ல, டீச்சர் வூட்டுக்காரு படகு வாங்குறாராமே!" சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கன்னியப்பன். அவர் தறிக்கும் எங்கள் கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். தயங்கித் தயங்கி: "தப்பா நெனைக்காதம்மா. நான் தறிய நிறுத்துனா அண்ணன் அந்தாண்டேருந்து செவுத்த தட்றாரு. மறுபடி தறில உக்கார்ற வரைக்கும் தட்டிக்கினே இருக்காரு. புள்ளைங்க பயப்படுதுங்க."

எனக்குத் தெரியும். தெரியாததுபோலக் கேட்டுக்கொண்டேன். வீட்டுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டவரும் இவர்தான். கதவுக்கு வாளியை முட்டுக்கொடுத்துக் குளிக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

வெள்ளி: ஹெச்.எம்.மிடம் தாள் கொடுக்க. செருப்பு தைக்க.

10, ஞாயிறு, பாண்டிச்சேரி

முதல் பஸ். திண்டிவனத்தில் மாறினோம். நல்ல வெயில்.

அரியாங்குப்பம் ஆற்றோரம், மணலில் ஏறி நின்றது படகு. நினைத்ததைவிடப் பெரிது. வெள்ளைப் பெயிண்ட் உரிந்து, ஏதோ பிராணி தோலுரித்ததுபோல. பிரெஞ்சுக்காரர் நல்ல மனிதர். உளுத்த இடங்களை அவரே காட்டினார். "இங்கே மரம் போச்சு. இங்கேயும் போச்சு." பாயை விரலால் இழுத்துப் பார்த்தேன். வெயிலில் நைந்த நூல், பிய்ந்து வந்தது.

இவர் இடப்பக்க ஓடத்துக்குள் இறங்கினார், பலகையைத் தட்டிப் பார்க்க. நான் சும்மா வலப்பக்கத்தில் இறங்கினேன். குறுகல். ஈரத்துணி வாடை. படுக்கையில் உட்கார்ந்தேன். மரத்தின் வழியே எங்கிருந்தோ வருவதுபோல, டக் டக். விளையாட்டாக நானும் தட்டினேன்.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

பிறகு மெல்ல மூன்று தட்டு. நானும் மூன்று.

மேடையில் ஓடிவரும் காலடி. இவர் தலை உள்ளே நீண்டது. "தாஸு?"

அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அவ்வளவு சந்தோஷம் அதில்.

"நாந்தாங்க," என்றேன்.

கீழே இறங்கி மணலில் உட்கார்ந்துவிட்டார். சவரி தள்ளிப் போய் நின்றுகொண்டார். கப்பலில் தண்ணீர் புகுந்ததும் இரும்புக்கதவை அடைக்க உத்தரவாம். அடைத்துவிட்டார்கள். தாஸ் அந்தப் பக்கம்.

"தட்டுனான். நானும் தட்டுனேன். பேசுனா கேக்காது, தட்டுனா கேக்கும். நான் இருக்கேன்னு அவனுக்குத் தெரியணும்ல. அப்புறம் என்ன இழுத்துக்கினு மேல போயிட்டாங்க. அப்பவும் தட்டிக்கினுதான் இருந்தான், கமலா."

படகைக் காட்டி: "இதுல நடுவுல கதவே இல்ல, பாத்தியா. ஒண்ணுல தண்ணி பூந்தா மேல ஏறி இன்னொண்ணுக்குப் போயிடலாம்."

வாங்கிவிடலாம் என்றேன். நான்தான் சொன்னேன்.

12, செவ்வாய்

லீவு. தலைவலி. நேற்று வகுப்பில் ஒரு பெண் பென்சிலால் டெஸ்க்கைத் தட்டினாள். கத்திவிட்டேன். அழுதுவிட்டது, பாவம். நாளை சமாதானம் சொல்ல வேண்டும்.

கண்ணை மூடினால் அந்தப் பக்கம் யாரோ. தாஸை நான் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

இவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். எத்தனை நாளைக்குப் பிறகு!

24, ஞாயிறு, பாண்டிச்சேரி

கையெழுத்தாகிவிட்டது. படகு எங்களுடையது. பிரெஞ்சுக்காரர் அதன் மூக்கைத் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். உளுத்த பலகைகள், நைந்த பாய் எல்லாம் மாற்றியாயிற்று. ஆற்றில் தண்ணீர் ஏறியதும் படகு அசைந்து, எழுந்து, மிதந்தது.

அப்போது சவரி ஓர் அம்மாவை அழைத்துவந்தார். தாஸின் அம்மா, கடலூரிலிருந்து. எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சின்ன உருவம். கையில் துணிப்பை.

"நீதானாப்பா பரசுராமன்? ஏன் என்ன வந்து பாக்கல?"

இவர் குனிந்து படகுக் கயிற்றை மறுபடி இறுக்கினார்.

"எம்புள்ள கடசியா இன்னா சொன்னான்?"

"பேச முடியலம்மா. நடுவுல கதவு. அவன் தட்டுனான், நான் பதிலுக்குத் தட்டுனேன்."

"அவனுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. நான் எத்தன தட்டுனா அவனும் அத்தன தட்டுனான்."

அந்த அம்மா துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அழவில்லை. நான்தான் அழுதேன்.

"அந்த எடம் உனக்குத் தெரியுமா?"

"அந்தமானுக்கு இந்தாண்ட. தெரியும்."

"இது அம்மாந்தூரம் போவுமா?"

இவர் என்னைப் பார்த்தார். "போகும்மா," என்றேன்.

"காத்து திரும்பணும். எப்பன்னு பாத்துதான் போவணும்மா," என்றார் இவர்.

"நீ காத்தப் பாரு, பாத்துக்கினே இரு," என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா புடவையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கிப் படகை நோக்கி நடந்தார்.