பார்க்கிறவர்களுக்கும் பர்மிஷன்

கவரைப்பேட்டை,
மார்கழி பன்னிரண்டு.

அன்பு மகள் இளமதிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் கறவை மாடும் சுகம். அவருடைய முழங்கால் வலி மட்டும் வீட்டு வேலை சொன்னால் வருகிறது, நாடக ஒத்திகை என்றால் போய்விடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா. ஆடித் திருவிழா நாடகத்தில் என்னதான் நடந்தது என்று போனில் மூன்று தடவை கேட்டாய், நான் ஆரம்பித்தாலே உன் நைனா போனைப் பிடுங்கித் தன் வசனத்தைப் பேசத் தொடங்கிவிடுகிறார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னோடு பத்தாவது படித்த ஸ்டீபன் இப்போது கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கிறான், இந்த வருஷ நாடகத்தை எழுதினது அவன்தான். ஒரு ராஜா, அவர் நாட்டில் ஒரு ஏரி, ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை மறித்து ஒரு வியாபாரி சுவர் கட்டிவிடுகிறான், குடிகள் வந்து முறையிட்டால் ராஜா காது கேட்காதவர் மாதிரி இருக்கிறார், இதுதான் கதை. நம் ஏரிக் கால்வாயை மறித்துக் குடோன்காரர் காம்பவுண்டு சுவர் எழுப்பி நாலு வருஷமாகிறது, நாலு வருஷமும் நவரைப் பட்டத்து நெல்லுக்குத் தண்ணீர் இல்லை, நைனா கொடுத்த மனு ஒன்றுக்கும் பதில் இல்லை, இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஸ்டீபன் நாடகத்தில் ஊர் பெயரோ ஆள் பெயரோ கிடையாது. ராஜா வேஷம் வழக்கம்போல உன் நைனாவுக்கு.

நாடகம் போட அனுமதி வேண்டும், கதையை முழுசாக எழுதிக் கொடு என்றார்கள். தாலுகா ஆபீசிலிருந்து அருணாச்சலம் என்று ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷன்தான், மோர் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக் குடிப்பார், பேனா மட்டும் சிவப்பு. ராஜா கெட்டவராக இருக்கக் கூடாதாம், ஜனங்கள் வேறு யாரையாவது நினைத்துக்கொள்வார்களாம். அப்படியானால் மந்திரியைக் கெட்டவராக்குகிறேன் என்றான் ஸ்டீபன், மந்திரி அதைவிட வம்பு என்றார். சேனாதிபதி என்றால் போலீசைச் சொன்ன மாதிரியாம். வியாபாரியாவது கெட்டவனாக இருக்கட்டுமே என்றால், முதலீடு வருகிற நேரத்தில் அது எதற்கு என்றார். "அப்போ ஏரி வத்துனதுக்கு யாருதான் சார் காரணம்?" என்று ஸ்டீபன் கேட்க, அவர் மீதி மோரைக் குடித்துவிட்டு, "வெயில்னு போட்டுக்கப்பா" என்றார். சுவர் என்ற சொல் வருகிற பதினோரு இடத்திலும் சிவப்புக் கோடு. போதாததற்கு அது ஹெல்மெட் விழிப்புணர்வு மாதமாம், ராஜா போருக்குப் புறப்படும்போது கிரீடத்தைக் கழற்றிவிட்டு ஹெல்மெட் மாட்ட வேண்டுமாம், ஐ.எஸ்.ஐ. முத்திரை ஜனங்கள் பக்கம் தெரிகிற மாதிரி. "கிரீடம் இல்லாத ராஜா இன்னா ராஜா, நான் ஆடல போ" என்று நைனா இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். ஸ்டீபன் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை, நோட்டைக் கிழித்துப் போடுகிறேன் என்று கிளம்பிவிட்டான். அவனைப் பார்த்ததும் இவர் மனசு மாறி, "கிழிக்காதடா. அவுரு வெட்டுன எடத்துல எல்லாம் நான் சும்மா நின்னுக்கினு இருக்கேன், அதுக்கு எவன் கோடு போடுவான்" என்று சொல்லி, பரணிலிருந்து உன் பழைய ஸ்கூட்டி ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்தார், அந்த ரோஸ் கலர் ஹெல்மெட்தான்.

சாயங்காலம் ஆறரைக்கு நாடகம். முன்பெல்லாம் நாடகம் என்றால் ஊரே வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், போன வருஷம் வந்தது நாற்பது பேர், அதிலும் பாதி வேஷக்காரர்களின் பெண்டாட்டிகள். இந்த வருஷம் அறுபது இருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், டிவி ரிப்பேரான இரண்டு குடும்பம், ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் ஒரு பதினைந்து பேர். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கண் கொட்டாமல் பார்த்தது அவர்கள்தான். அருணாச்சலம் முன்வரிசையில் மடியில் நோட்டை விரித்து வரி வரியாக விரல் வைத்துக்கொண்டு வந்தார். ஹெல்மெட் காட்சிக்கு அவரே எழுந்து கை தட்டினார். அடுத்தது தர்பார். குடிகள் வந்து "ராஜாவே" என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டார்கள். உன் நைனாவும் சும்மா நின்றார். ரோட்டில் லாரி போகிற சத்தம் மட்டும்தான். அப்போது ஜனங்கள் நடுவிலிருந்து செல்வி எழுந்தாள். ரெண்டு மாதமாக ஒத்திகை நடந்தது அவள் வீட்டுக்குப் பின்னால்தான், பாத்திரம் தேய்த்துக்கொண்டே முழு நாடகமும் அவளுக்கு மனப்பாடம். "ராஜாவே, எங்க ஏரிக்கு வர்ற தண்ணிய ஒரு செவுரு மறிச்சிக்கினு நிக்குதே, உன் கண்ணுக்குத் தெரியலியா?" என்று கேட்டாள் பார். அடுத்த இடத்தில் செல்வி காதில் சொல்லிக் கொடுக்கப் பக்கத்திலிருந்தவள், அதற்கடுத்து இன்னொருத்தி, பதினோரு இடத்தையும் விடவில்லை. முப்பது வருஷமாக ஆடுகிற உன் நைனா மேடையில் நிஜமாக அழுது நான் பார்த்ததில்லை, அன்று ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்று அழுதார். அருணாச்சலம் எழுந்துபோய், "பர்மிஷன் இல்லாத வசனத்தை நீ எப்படிம்மா பேசலாம்?" என்றார். "நான் எங்க சார் நாடகம் ஆடுறேன், பாத்துக்கினு கீறேன். பாக்குறதுக்குமா பர்மிஷன் வாங்கணும்?" என்றாள் செல்வி. அவர் அனுமதிக் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வாரத்தில் நைனாவுக்கு மெமோ வந்தது. மேடையில் பதினோரு முறை மௌனமாக இருந்தது ஏன், அந்த மௌனத்தின் பொருள் என்ன, பார்வையாளர்கள் குறிப்பிட்ட சுவர் எது, ஏழு நாளில் விளக்கம் தரவும் என்று. இவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன், நீ பயப்படுவாய் என்றுதான் அப்போது சொல்லவில்லை. இவரும் ஸ்டீபனும் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். மௌனத்துக்குக் காரணம், பேச அனுமதி இல்லை. மௌனத்தின் பொருள், தங்கள் சிவப்புக் கோட்டின் பொருள் எதுவோ அதுவே. மூன்றாவதுக்கு மட்டும் நாலு பக்கம், சுவரின் சர்வே எண், நீளம், உயரம், வரைபடம், நாலு வருஷ மனுக்களின் நகல். நாம் கொடுத்த மனு என்றால் தூங்க வைக்கலாம், இது அவர்களே கேட்ட கேள்வியாயிற்றே, பைலை மூட வேண்டுமென்றால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். அருணாச்சலமே சர்வேயரோடு வந்து அளந்தார், சுவர் கால்வாயில்தான் நிற்கிறது என்று அவர் கையாலேயே எழுத வேண்டியதாயிற்று. போகும்போது மோரை வாங்கிக்கொண்டு, "நானா கேட்டு நானா மாட்டிக்கிட்டேம்மா" என்றார். ஐப்பசியில் ஜேசிபி வந்து சுவரில் பன்னிரண்டு அடி இடித்தது. மழைக்கால முன்னெச்சரிக்கை என்றுதான் போர்டு வைத்தார்கள், வைத்துக்கொள்ளட்டும். கார்த்திகை மழையில் ஏரி பாதி ரொம்பிவிட்டது, நைனா ஒரு ஏக்கருக்கு நாற்று விட்டிருக்கிறார்.

இப்போது காணும் பொங்கலுக்கு மறுபடி நாடகம் போட அனுமதி கேட்டோம். புதுசாக ஒரு நிபந்தனை வந்திருக்கிறது, நாடகம் பார்க்க வருகிறவர்கள் நடுவில் வாயைத் திறக்க மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். அறுபது பேரைத் தாண்டாத நாடகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு யார் வருவார்கள் என்று ஸ்டீபன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நேற்றுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், சோழவரத்திலிருந்துகூட ஆள் வருகிறது. போட்டுவிட்டுச் சும்மா போகிறார்களா, "எந்தெந்த எடத்துல நாங்க வாயத் தெறக்கக் கூடாதுன்னு இப்பவே சொல்லிக் குடுத்துடுப்பா" என்று கேட்கிறார்கள். ஸ்டீபனும் தினம் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, பேசக் கூடாத வசனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், சனிக்கிழமை எண்ணெய் தேய்க்க மறக்காதே. அம்மன் புண்ணியத்தில் இருவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் ஒருவருக்கொருவர் துணையாக இருங்கள்.

உன் அம்மா,
ரத்னா துளசிராமன்