முடிச்சில்லாத சப்பாத்து

கனடாவில் இருக்கும் மகள் அனுப்பிய சிறிய பொதியை இன்று காலைதான் உடைத்தேன். பிரித்ததும் புது றப்பர் மணம் வந்தது. சைக்கிள் கடையில் புது ரியூப்பைப் பிரிக்கும்போது வருகிற அதே மணம். உள்ளே நாவல் நிறத்தில் ஒரு சோடி இழுபடும் சப்பாத்து நாடா. அதற்கு முடிச்சுப் போடத் தேவையில்லை. ஒருமுறை துளைகளில் கோத்து, நுனியில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பூட்டை மாட்டிவிட்டால் போதும். அதன்பிறகு காலை நுழைத்தால் நாடா விரிந்து இடம் கொடுக்கும், எடுத்தால் தானே சுருங்கிக்கொள்ளும். நீர் கேட்ட நிறம் அது. நீர் கேட்டு, அவள் தேடி வாங்கி அனுப்பி, பொதி இந்தப் பருத்தித்துறை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உமது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்துவிட்டது.

பொதி வந்த செய்தியைச் சொன்னபோது மகள் தொலைபேசியில் அழுதாள்.

"அதை எறிஞ்சுவிடுங்கோ அப்பா. நான் முதல் சோடி நாடாவை அனுப்பாமல் விட்டிருந்தால் அம்மா தனியப் போயிருக்கமாட்டா. போகாட்டி விழுந்திருக்கமாட்டா."

நானும் உள்ளுக்குள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ. பொதியை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, எறியவும் மனமில்லாமல், திறக்கவும் மனமில்லாமல் இருந்தேன்.

இந்த ஊரில் எத்தனையோ பேரை முதன்முதலில் தொட்ட கைகள் உம்முடையவை. மருத்துவிச்சி வேலைக்கென்று சைக்கிளில் நீர் போகாத ஒழுங்கை இல்லை. சந்தைக்குப் போனால் மீசை நரைக்கத் தொடங்கிய ஆம்பிளைகள்கூட "மிஸ்ஸி" என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். நான் பஸ் டிப்போவில் நேரம் குறித்துக்கொண்டிருந்த ஆள். என்னை ஊரில் பலருக்கு "மிஸ்ஸியின்ரை அவர்" என்றால்தான் தெரியும். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

நீர் ஓய்வுபெற்ற பிறகுதான் அந்த நடுக்கம் வந்தது. முதலில் தேத்தண்ணிக் கோப்பை பீரிஸ் தட்டில் கிணுகிணுத்தது. பிறகு தையல் ஊசியில் நூல் ஏறவில்லை. டொக்டர் நடுக்க வருத்தம் என்று சொன்னார். மருந்தைவிட நடைதான் முக்கியம், நடையை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த முறை விடுமுறைக்கு வந்திருந்த மகள் உமக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சோடிச் சப்பாத்து வாங்கித் தந்தாள்.

"சீலைக்குக் கீழை உந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனால் சனம் சிரிக்கும்," என்றீர். ஆனாலும் போட்டீர். நடந்தீர்.

நாடா கட்டுவதுதான் உமக்கு ஏலவில்லை. தொப்புள்கொடி கட்டிய விரல்கள் சப்பாத்து நாடாவில் தோற்றுப்போயின. ஆகவே ஒவ்வொரு காலையும் வாசற்படியில் நான் குந்தியிருந்து கட்டிவிடுவேன். வழியில் அவிழக்கூடாதென்று இரட்டை முடிச்சாக, நன்றாக இழுத்துக் கட்டுவேன். நீர் கதிரையில் இருந்து என் தலைக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பீர். "சரியோ?" என்று கேட்டால் "ஓம்" என்று ஒரு சொல். எனக்கோ அந்த நேரம் பிடித்திருந்தது. இத்தனை வருடக் குடும்பத்தில் உமக்கு நான் செய்யக் கிடைத்த வேலை அது.

ஒருநாள் மீன்சந்தையடியில் ஒரு கால் நாடா அவிழ்ந்துவிட்டது. நான் தெருவிலேயே முழங்காலில் இருந்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு மீன் வியாபாரி ஓடிவந்தான்.

"நீங்கள் எழும்புங்கோ ஐயா. என்னைப் பிறப்பிச்ச மிஸ்ஸி. நான் கட்டிவிடுறன்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். நீர் கைகள் இரண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டீர். வீடு வரும்வரை அவற்றை வெளியே எடுக்கவில்லை. அடுத்த நாள் நான் சப்பாத்தை எடுத்து வைத்தபோது, "இண்டைக்கு வேண்டாம். மழை வரும்போலை கிடக்கு," என்றீர். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. அதன்பிறகு நீர் கேற்றைத் தாண்டவில்லை. குசினிக்கும் அறைக்கும் இடையில் உமது கால்கள் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கெஞ்சியும் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். கடைசியில் மகளிடம்தான் சொன்னேன். அவள் அந்த முதல் சோடி நாடாவை அனுப்பினாள்.

அதைக் கோத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பழைய நாடாவை உருவிவிட்டுப் புதியதை நான் கோக்க, நீர் பக்கத்தில் இருந்து பிழை பிடித்தீர். முதலில் இறுக்கமாகிப்போனது. கால் பாதிக்கு மேல் இறங்கவில்லை. பூட்டை அமத்தித் தளர்த்தினால் குதி கழன்றது. மிஞ்சிய நாடாவை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"பொறுங்கோ, வெட்டாதையுங்கோ. முதல் நடந்து பார்ப்பம்," என்றீர்.

கரண்டிக் காம்பைக் குதிக்குப் பின்னால் விட்டு நீரே காலை நுழைத்தீர். நெடுநேரம் எடுத்தது. உதவிக்கு நீண்ட என் கையைப் பார்த்து, "கையை எடுங்கோ," என்றீர். மற்றக் காலையும் நுழைத்துவிட்டு எழுந்து நின்றீர். வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தீர். உமது முகத்தில் சிரிப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் பிரசவ வீட்டில் எல்லாம் நல்லபடியாக முடிந்து திரும்பி வரும் நாட்களில் உமக்கு ஒரு முகம் இருக்குமே, அது இருந்தது.

"போயிட்டு வாறன்," என்றீர்.

"நானும் வாறன், பொறும்."

"வேண்டாம். நான் போயிட்டு வாறன்."

கேற்றடியில் நின்று பார்த்தேன். சிறுசிறு அடியாக, முந்தானை காற்றில் அடிக்க, ஒழுங்கை முடியும்வரை போய்த் திரும்பி மறைந்தீர். எனக்குச் சந்தோசம்தான். ஆனாலும் உள்ளே வந்து வாசற்படியில் இருந்தபோது என் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதன்பிறகு தினமும் கடற்கரை வெளிச்சவீட்டடிக்கென்று சொல்லிப் போனீர். அங்கே போய் வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நேரம் பார்ப்பதுதானே என் பிழைப்பாக இருந்தது. நீர் அதைவிட நன்றாகப் பிந்தித்தான் வந்தீர். கேட்டால், "கடற்காத்து நல்லாயிருந்தது, கொஞ்சம் இருந்திட்டு வந்தன்," என்பீர். நான் மேலே கேட்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டீர். நித்திரை கொண்டீர். "மற்றச் சோடி நாவல் நிறத்திலை கிடைக்குமோ எண்டு பிள்ளையைக் கேளுங்கோ," என்று ஒருநாள் சொன்னீர். நிறம் கேட்கிற அளவுக்கு உமக்கு வாழ்வில் விருப்பம் திரும்பியிருந்தது.

பிறகு அந்தக் காலை. உம்மை ஏற்றிக்கொண்டு ஓர் ஓட்டோ கேற்றடியில் வந்து நின்றது. கடற்கரை வீதியில் இல்லை, அதிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் விழுந்து கிடந்தீர் என்றார் ஓட்டோக்காரர். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உமது சப்பாத்துகள் ஒரு பையில் கட்டிலுக்குக் கீழே இருந்தன. ஒப்பரேசன் நன்றாகத்தான் முடிந்தது. அதன்பிறகுதான் நெஞ்சில் சளி பிடித்தது. ஒரு மாலை என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "அந்த ஒழுங்கையிலை ஒரு..." என்று தொடங்கினீர். இருமல் வந்துவிட்டது. "இப்ப வேண்டாம், சுகமான பிறகு கதைப்பம்," என்று முதுகைத் தடவினேன். பிறகு நீர் கதைக்கவில்லை.

இன்று காலை அந்த நாவல் நிற நாடாவை என் கறுப்புச் சப்பாத்தில் கோத்தேன். ஏன் இன்றைக்கு என்று கேட்டால் எனக்கும் தெரியாது. நீர் போன பிறகு நான் செருப்போடுதான் திரிந்தேன், அதுவும் கடைவரைக்கும்தான். வலது கால் சரியாக வந்தது. இடது கால் மேற்பாதத்தில் அமத்தியது. மேல் துளையை விட்டுவிட்டுக் கீழிருந்து கோத்துப் பார்த்தேன், சரியாயிற்று. எழுந்து நின்றபோது குதி லேசாக ஏறி இறங்கியது. பூட்டை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். குனிந்து கட்டாமல் வெளிக்கிட்டது புதினமாகத்தான் இருந்தது. கால் தானாக அந்த ஒழுங்கைப் பக்கம் போனது என்று எழுதினால் பொய். போகவேண்டுமென்றுதான் போனேன்.

மதில்களில் வலை காயும் ஒடுங்கிய ஒழுங்கை. ஒரு கேற்றடியில் இளம் பெண் ஒருத்தி கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். அவள் முதலில் என் சப்பாத்தைத்தான் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"ஐயா, நீங்கள் மிஸ்ஸியின்ரை அவரோ?"

"ஓம், பிள்ளை."

அவள் அழத் தொடங்கிவிட்டாள். அழுகையோடேயே என்னை உள்ளே கூப்பிட்டுக் கதிரையைப் போட்டாள். சுகன்யா என்று பெயர். அவளையும் பிறப்பித்தது நீர்தானாம். தாய் இல்லை. புருசன் கட்டாரில். நீர் நடந்து போகும்போது உள்ளே இந்தக் குழந்தை விடாமல் கத்துவதைக் கேட்டுக் கேற்றைத் திறந்து வந்தீராம்.

"அந்த நாளிலை எனக்கு ஒருத்தரும் வேண்டாம் எண்டு இருந்தது ஐயா. பிள்ளையும் வேண்டாம் எண்டு இருந்தது. அதை ஒருத்தரிட்டையும் சொல்லேலாது. மிஸ்ஸி ஒண்டும் கேக்கேல்லை. 'நீ போய்க் குளிச்சிட்டுச் சாப்பிடு, நான் இருக்கிறன்' எண்டு சொன்னவ. பேந்து ஒவ்வொரு நாளும் வந்தவ."

"பிள்ளையைத் தூக்கி வைச்சிருப்பாவோ?" என்று கேட்டேன். உமது கைகளை நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"இல்லை. 'என்ரை கையை நம்பேலாது, நீயே கிடத்து' எண்டுவா. நான் ஏணையிலை கிடத்திவிடுவன். அவ பக்கத்திலை இருந்து ஏணைச் சீலையிலை கையை வைச்சிருப்பா. அந்தக் கை தன்ரை பாட்டிலை உதறும்தானே. அந்த உதறலுக்குப் பிள்ளை அப்பிடியே நித்திரையாயிடும். நான் ஆட்டினால் படுக்காது."

பிறகு கேட்டேன், "எனக்கு ஏன் சொல்லேல்லை எண்டு தெரியுமோ?"

"நானும் கேட்டனான். சொன்னால் நீங்களும் கூட வருவீங்கள், வந்து கேற்றடியிலை காவல் நிப்பீங்களாம்." கண்ணீரோடு கொஞ்சம் சிரித்தாள். "இன்னொண்டும் சொன்னவ. நீங்கள் கட்டிவிடுற முடிச்சு வலு இறுக்கமாம். கால் விறைச்சுப்போகுமாம். சொன்னால் உங்களுக்கு மனம் நொந்திடும் எண்டு சொல்லேல்லையாம்."

என் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நீர் சொன்ன "ஓம்" எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

நீர் விழுந்ததையும் அவள்தான் சொன்னாள். அவள் கேற்றில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். இரண்டு நாய்கள் சண்டை பிடித்தபடி குறுக்கே பாய்ந்தனவாம். நீர் ஒதுங்கித் திரும்பிய வேகத்தில் சரிந்துவிட்டீராம். சப்பாத்து இரண்டும் காலோடுதான் இருந்தனவாம். செத்தவீட்டுக்கு வந்து, உள்ளே வரப் பயந்து, தெருவில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள்.

"எங்கடை வீட்டுக்கு வந்ததாலைதானே ஐயா உப்பிடி நடந்தது. உங்கடை முகத்திலை எப்பிடி முழிக்கிறது எண்டு இருந்தனான்."

"அப்பிடிச் சொல்லாதை பிள்ளை," என்றேன். "அவ வீட்டுக்குள்ளை இருந்து இருந்து அடைஞ்சு போயிருந்தவ. திரும்ப வெளிக்கிட்ட நேரம் அவவுக்குப் போறதுக்கு ஒரு வீடு இருந்தது. அது உன்ரை வீடு."

குழந்தை சிணுங்கியது. அவள் ஏணையில் கிடத்தினாள். நான் கிட்டப் போய், நீர் வைத்ததுபோல் சீலையில் கையை வைத்துப் பார்த்தேன். என் கை ஆடாமல் அப்படியே கிடந்தது. குழந்தை என்னைப் பார்த்து வீரிட்டுக் கத்தியது.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே இரவு நேரம். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நாயைச் சொன்னேன், ஏணையைச் சொன்னேன், முடிச்சையும் சொன்னேன்.

"அந்தச் சோடியை எறிஞ்சிட்டீங்களோ அப்பா?"

"இல்லை. என்ரை காலிலை கிடக்கு."

"அந்தக் குழந்தை இப்ப ஆரிட்டைப் படுக்குதாம்?"

"தாயிட்டைத்தான். கொஞ்சம் கொஞ்சமாய்ப் பழகுதாம்."

அவள் மறுபடியும் அழுதாள். ஆனால் இந்தமுறை அழுது முடித்துவிட்டு, குழந்தைக்கு என்ன உடுப்பு அனுப்பலாம் என்று கேட்டாள்.

உமது கை நடுங்கும்போதெல்லாம் நான் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்திருக்கிறேன். கோவிலில், பஸ்ஸில், நித்திரையில்கூட. நிற்காது என்று தெரிந்தும் பிடித்திருக்கிறேன். இன்று வீட்டுக்கு நடந்து வரும்போது என் உள்ளங்கையில் உமது கையின் அந்த உதறல் அப்படியே இருந்தது. இந்தமுறை அதை நிறுத்தவேண்டும்போல் எனக்கு இருக்கவில்லை. கையை மெல்ல மூடிக்கொண்டு நடந்தேன்.