ஓரத்தில் ஒரு கேள்வி

போடோ, நார்வே
மார்ச் 9

அன்புள்ள அக்கா லெத்தெப்ரஹானுக்கு,

தங்கை அப்ரெஹெத் எழுதுவது. நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். ஆறு வருடம் பேசாதவள் இன்று எழுதுகிறாளே என்று கிழித்துப் போட்டுவிடாதே. எரித்திரியாவுக்கு விடுமுறையில் வரும் ஒரு பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே இன்னும் பனி. காலணியில் ஆணிப்பட்டை மாட்டாமல் தெருவில் இறங்க முடியாது. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். மறுபடி மருத்துவச்சியாக வேண்டுமானால் நார்வே மொழியில் எழுத்துத் தேர்வு தேற வேண்டும். பேச்சு வந்துவிட்டது, எழுத்துதான் காலை வாரியது. இரண்டு முறை தோற்றேன்.

போன செப்டம்பரில் மொழி வகுப்பில், வேலையில் மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றி எழுதச் சொன்னார் ஆசிரியை தோர்டிஸ். தாள் திரும்பி வந்தபோது ஒரு வரி மிச்சமில்லை, எல்லாம் சிவப்பு. பக்கத்து இருக்கைப் போலந்துக்காரன் யாசெக் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பேப்பர்லயே பிரசவம் பாத்துட்டியா?" என்றான். எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் அழுதேன். இரண்டு வாரம் வகுப்புப் பக்கமே போகவில்லை.

தோர்டிஸ் நான் வேலை பார்க்கும் இடத்துக்கே வந்துவிட்டார். "தப்பத் திருத்துற அவசரத்துல நீ என்ன சொல்றேன்னு நான் படிக்கவே இல்ல. நேத்துதான் படிச்சேன், மன்னிச்சுக்கோ" என்றார். அதே கட்டுரையின் சிவப்பில்லாத நகல் ஒன்றைக் கொடுத்தார். "குழந்தை இறந்துவிட்டது" என்ற வரிக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் ஒரு கேள்வி: "அப்போ நீ எங்கே இருந்தாய்?"

அக்கா, நான் எழுதியிருந்தது உன் முதல் பிரசவத்தை. உன் பெயரைப் போடவில்லை.

அதே கட்டுரையை இரண்டாம் முறை எழுதியபோது, அன்று மின்சாரம் போனதை எழுதினேன். மூன்றாம் முறை, மருத்துவர் வராததை. இரண்டும் நடந்தவைதான். இரண்டின் ஓரத்திலும், "சரி. நீ?" என்று பென்சில். "கஷ்டமா இருந்தா விட்டுடு, வேற தலைப்பு தரேன்" என்றார். நான்தான் விடவில்லை. வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு வரிக்கும் அவரையே குடைந்தேன். நான்காம் முறை அது வந்தது: "குழந்தை திரும்பிக் கிடப்பது எனக்கு மதியமே தெரியும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பாமல், என்னால் முடியும் என்று நினைத்தேன்."

படித்துவிட்டுத் தோர்டிஸ் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "இப்ப சிவப்பு எடுக்கட்டுமா?" என்று கேட்டார். பதினொரு பிழை. சேர்ந்தே திருத்தினோம். ஜனவரியில் தேர்வும் தேறிவிட்டேன். ஆகஸ்டிலிருந்து பிரசவ வார்டில் பயிற்சி. சந்தேகம் வந்தால் உடனே ஆளைக் கூப்பிடுவேன், வெட்கப்பட மாட்டேன்.

ஆனால் அந்த வரியை யாரோ ஒரு வேற்று நாட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு உனக்குச் சொல்லாமல் இருந்தால் எப்படி? அன்று நீ படுத்தபடியே, "உனக்கு முன்னமே தெரியுமாடி?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். நீ நம்பவில்லை. நம்பாதது சரிதான். இப்போது நம் மொழியில் எழுதுகிறேன்: தெரியும், அக்கா.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. திட்டுவதானாலும் எழுது, ஒரு வரி விடாமல் படிப்பேன்.

உனக்கு மகள் பிறந்து, செலாம் என்று பெயர் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவளைப் பத்திரமாக வாங்கி உன் மடியில் வைத்த கைகள் யாருடையவோ, அந்தக் கைகள் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

உன் தங்கை
அப்ரெஹெத்