கராஜில் ஒரு லேத்

ராக்ஃபோர்டு, இல்லினாய்
ஏப்ரல் 6, 1986

அன்பு வெர்னா அக்காவுக்கு,

நலம். நீயும் அங்கே பனி வாரிக் கொட்டி இடுப்பு ஒடியாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஒரு கூத்தைக் கேள். எங்கள் தொழிற்சாலையை மூடி, மெஷின்களை ஏலம் விட்டார்கள். பத்தொன்பது வருஷம் நான் நின்று வேலை பார்த்த லேத்தை நானே எடுத்துவிட்டேன்! கராஜில் இறக்கியதும் என் பெண்டாட்டி டோரீன் சொன்னாள்: "சரிதான், காரு வெளிய நனையட்டும். நீங்களும் இதோடயே படுத்துக்குங்க."

சிக்கல் இதுதான். மெஷின் மூன்று ஃபேஸ். எங்கள் தெருவில் சிங்கிள் ஃபேஸ்தான். மின்சாரக் கம்பெனிக்காரன், "வீட்டுக்கெல்லாம் த்ரீ ஃபேஸ் இழுக்க மாட்டோம் சார்" என்று சொல்லிவிட்டான். எலக்ட்ரீஷியன் அக்கா இருந்து என்ன பயன்? இது ஓடினால் நாலு பேருக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்வேன். ஓடாவிட்டால் ஏதாவது கடையில் அட்டைப்பெட்டி அடுக்க வேண்டியதுதான். நாற்பத்தாறு வயதில் அது என்னால் ஆகாது அக்கா.

உன் தம்பி,
ஹார்லன்

துலூத், மினசோட்டா
ஏப்ரல் 15, 1986

அன்புள்ள ஹார்லன்,

மூளை இருக்கிறதா உனக்கு? ஏலத்துக்குப் போகுமுன் எனக்கு ஒரு போன் பண்ணினால் என்ன குறைந்துவிடும்?

போகட்டும், வழி இருக்கிறது. பத்து குதிரைசக்தியில் பழைய மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்று தேடிப் பிடி. அதைச் சும்மா சுற்றவிட்டால், நம் இரண்டு கம்பியோடு சேர்த்து மூன்றாவது கம்பிக்கும் அதுவே மின்சாரம் கொடுக்கும். ஜூலையில் வந்து நானே வயரிங் செய்கிறேன். அதுவரை எதையும் தொடாதே. மூன்றில் இரண்டு கம்பி இடம் மாறினால் போதும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற அந்தச் சக், உன் லேத்தில் மரையில் திருகி மாட்டுகிற பழைய வகை. எதிர்ப்பக்கம் சுற்றினால் அத்தனை கனமும் தானே கழன்று விழும். அதனால்தான் கம்பியைத் தொட்ட பிறகு, சக்கைக் கழற்றி வைத்துவிட்டு, சுவிட்சை ஒரு தட்டுத் தட்டித் திசை பார்ப்போம். எங்கள் யூனியன் ஆட்களுக்கு அது சாப்பாட்டு ஜெபம் மாதிரி.

டோரீனை அதிகம் சீண்டாதே.

அன்புடன்,
வெர்னா அக்கா

துலூத்
ஜூலை 20, 1986

அன்புள்ள ஹார்லன்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். டோரீன் சுட்டுக் கட்டிக்கொடுத்த ருபார்ப் பை பலகாரம் பஸ்ஸிலேயே காலி. லேத் ஓடியதும் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரிடமும் சொல்ல மாட்டேன், பயப்படாதே. கிளம்புகிற நேரத்தில் அந்தத் துருப்பிடித்த சுவிட்ச் பெட்டி கண்ணை உறுத்தியது. புதிதாக மாற்றிவிட்டேன். இனி இருபது வருஷத்துக்குக் கவலையில்லை.

திங்கட்கிழமை உன் முதல் ஆர்டர் என்றாயே, எப்படிப் போகும்? உடனே எழுது.

அன்புடன்,
அக்கா

ராக்ஃபோர்டு
ஆகஸ்ட் 30, 1986

அன்பு அக்காவுக்கு,

நான் சொல்லச் சொல்ல டோரீன் எழுதுகிறாள். எனக்குக் கொஞ்சம் உடம்பு முடியவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை. லேத்தை விற்றுவிட்டேன். ஒத்துவரவில்லை. அதைப் பற்றி இனி எழுத வேண்டாம். இங்கே தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது.

ஹார்லன்

துலூத்
செப்டம்பர் 5, 1986

ஹார்லன்,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். தக்காளி பற்றி நீ என்றைக்கு எழுதினாய்? போன் செய்தால் டோரீன் அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

அன்று அந்தப் பெட்டியை மாற்றிக்கொண்டிருந்தபோது டாக்சிக்காரன் ஹார்ன் அடித்தான். "அண்ணி, பஸ் போயிடும், சீக்கிரம்!" என்று டோரீன் கூப்பிட்டாள். மூடியை முடுக்கிவிட்டு ஓடினேன். திசை பார்க்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் பார்க்கவில்லை.

உனக்கு என்ன ஆயிற்று? மறைக்காமல் சொல். யார் கேட்டாலும் என் பெயரைச் சொல். என் லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்ளட்டும். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு நான் வருகிறேன். நேரில் வந்துதான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பாவி உன் அக்கா

ராக்ஃபோர்டு
நவம்பர் 2, 1986

அக்கா,

இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன். கிறுக்கலைப் பொறுத்துக்கொள். இரண்டு மாதம் ஆகியிருக்கிறது இதற்கு.

நீ நினைத்ததுதான் நடந்தது. சக் கழன்று விழுந்தது. வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். விசாரிக்க வந்தவர், "வயரிங் யாரு பண்ணது?" என்றார். "நான்தாங்க" என்றேன். அதை நீ மாற்றிச் சொல்லாதே. வீட்டில் ஒருவருக்காவது தொழில் மிஞ்சட்டும்.

ஆஸ்பத்திரியில் முதல் வாரம் முழுக்க உன்னைத் திட்டினேன். டோரீன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். இப்போது திட்டுவதில்லை. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியாதா?

ஆனால் நன்றி நாளுக்கு வராதே. வந்தால் எப்போதும்போல நீதான் வான்கோழியை வெட்டுவாய். உருளைக்கிழங்குக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டுவாய். நான் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன் அக்கா. உன் இரண்டு கையையும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

எப்போது வரலாம் என்று நானே எழுதுகிறேன். எழுதாவிட்டால், ஏன் என்று கேட்காதே.

ஹார்லன்